வேண்டுதல் பலித்ததால் வந்த விசுவாசம் உண்மையானதா?

கொள்ளிடக்கரை:
ஊர் மாயவரம் பக்கம், பிறப்பால் இந்து. ஆறு வருஷம் முன்னால் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போய், யாரோ சொல்லி, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அம்மா தேறினார், நானும் நடந்தேன், அப்புறம் விட முடியாமல் ஞானஸ்நானம் வரைக்கும் வந்துவிட்டது. மச்சான் ஒருத்தர் விசேஷ வீட்டிலெல்லாம் "காரியம் ஆனதும் சாமியை மாத்திட்டான்" என்கிறார். கோபம் வருகிறது. ஆனால் அம்மா பிழைக்காமல் போயிருந்தால் நான் அந்தப் பக்கம் திரும்பியிருப்பேனா என்று ராத்திரி படுத்தால் தோன்றுகிறது. கிறிஸ்தவராகவே பிறந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

தரங்கைவாசி:
பிறந்ததிலிருந்து கோவிலில் (சர்ச்சில்தான்) இருப்பதால் நான் ஒன்றும் உசத்தி இல்லை தம்பி. அப்பா போனார், நானும் போகிறேன். கல்யாணம் கோவிலில் நடக்க வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும், அதெல்லாம் காரியம் இல்லையா? உங்கள் மச்சான் கேட்டதை பைபிளில் யோபு முதல் அதிகாரத்தில் சாத்தானே கடவுளிடம் கேட்டாயிற்று: சுற்றிலும் வேலி போட்டுக் காத்துவிட்டு யோபுவைப் பக்திமான் என்கிறீரே, அவன் சும்மாவா பயப்படுகிறான்? (மச்சானிடம் இதைச் சொல்ல வேண்டாம்.)

டெல்டா கிறுக்கன்:
மச்சானை அப்படித் தள்ளிவிட முடியாது. சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கும் வரை முன்வரிசை, கிடைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆளையே காணோம், இப்படி ஒருத்தரை நானே பார்த்திருக்கிறேன். பால்பவுடருக்கு மாறினவங்க, அதாவது சபை கொடுத்த பால்பவுடருக்காக மதம் மாறினவங்க, என்ற பேச்சு சும்மா வரவில்லை.

நடவுக்காரன்:
கணக்கு பார்ப்பது என்றால் முழுசாகப் பாருங்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித்துக்குப் பட்டியல் சாதி அந்தஸ்து போய்விடும். தமிழ்நாட்டில் பி.சி.யில் (பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்) சேர்த்திருக்கிறார்கள், ஆனால் எஸ்.சி.க்கு உள்ள 18 சதவீத இட ஒதுக்கீடு கிடையாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது. எங்கள் தெருவில் சர்டிபிகேட்டுக்கு ஒரு பெயர், கோவிலுக்கு ஒரு பெயர் என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆதாயம் கோவிலுக்கு வெளியேதான் இருக்கிறது, இருந்தும் ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். பால்பவுடர் பேச்சு பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை.

தரங்கைவாசி:
பால்பவுடருக்கு முன்னால் அரிசி இருந்தது. ஐதர் அலி படையெடுப்பில் தஞ்சாவூர் பஞ்சத்தில் கிடந்தபோது, சுவார்ட்ஸ் ஐயர் (ஜெர்மன் பாதிரியார்) முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த நெல்லையும் அரிசியையும் கொண்டுதான் பலருக்குக் கஞ்சி ஊற்றினார். பசியில் கிடந்தவனிடம் போய் உன் நோக்கம் சுத்தமா என்று கேட்பானேன்? தம்பி, பைபிளில் யோவான் ஆறாம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு வாருங்கள்.

கொள்ளிடக்கரை:
படித்தேன் அண்ணே. அப்பம் தின்று வயிறு நிறைந்ததால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு கூட்டத்தைப் பார்த்து முகத்துக்கு நேரே சொல்கிறார், சுருக்கென்றிருந்தது. ஆனால் முந்தின நாள் ஐயாயிரம் பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பரிமாறியவரும் அவர்தானே, அப்புறம் எதற்குத் திட்டுகிறார்?