உதவி: 3 வயது மார்வாரி இனக் குதிரை, வலது பக்கம் சுற்ற மறுக்குது, தலையை உதறுது

கொங்குசவாரி:
அந்தியூர் சந்தையில் வாங்கின பெட்டைக் குதிரை, மூணு முடிஞ்சு நாலாவது வயசு நடக்குது. ஸ்நாஃபிள் கடிவாளம், அதாவது நெம்புகோல் இல்லாத சாதா வகை. லஞ்ச் கயிற்றில் (நான் நடுவில் நின்னு வட்டமா ஓடவிடுற நீளக் கயிறு) இடது பக்கம் அழகா ஓடும். வலது பக்கம் திருப்பினா வட்டத்தைச் சுருக்கிக்கிட்டு என் மேலேயே வருது. சவாரியில் லகானைத் தொட்டாலே தலையைத் தூக்கி உதறுது. வலது வட்டத்தில் கேண்டர் (மிதமான பாய்ச்சல்) கேட்டா இடது காலை முன்வெச்சுத்தான் எடுக்குது. அங்கவடியில் கால் வெச்சதுமே நடக்கவும் ஆரம்பிச்சிடுது. மார்ட்டிங்கேல் (தலை மேலே தூக்காம தடுக்கிற வார்) போட்டுத் தலையை அடக்கலாமா? நெஞ்சுச் சுற்றளவு 165 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்டம் வரை 148 செ.மீ. என் எடை 72 கிலோ, சேணம் 8 கிலோ.

லாடம்_கண்ணன்:
மார்ட்டிங்கேல் வேண்டாம் தம்பி. வலியில் உதறுகிற தலையைக் கட்டிவைத்தால் அடுத்து முன்னங்கால்களைத் தூக்கி எழும்பும்.

முதலில் வாயைப் பாருங்கள். இரண்டரை வயதிலிருந்து நாலரை வரை பால் பற்கள் விழுந்துகொண்டே இருக்கும். கடைவாயில் பழைய பல் தொப்பி போல ஆடிக்கொண்டு ஈறை அறுக்கும். மேல் கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் சில குதிரைகளுக்கு ஓநாய்ப்பல் என்ற சின்னப் பல் இருக்கும். கடிவாள இரும்பு அதில் இடித்தால் நீங்கள் சொல்கிற மாதிரியேதான் உதறும். பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்புகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் பல் கோளாறுதான். வாயைத் திறந்துவைக்கும் கருவி உள்ள கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், வெறும் கையை உள்ளே விட வேண்டாம்.

அடுத்தது குதிரையின் எடை. நெஞ்சுச் சுற்றளவு × நெஞ்சுச் சுற்றளவு × நீளம் ÷ 11,880 என்று கணக்கிடுங்கள்: 165 × 165 × 148 ÷ 11,880, அதாவது சுமார் 339 கிலோ. சவாரிக்காரரும் சேணமும் சேர்ந்து இதில் 20 சதவீதத்துக்குள், 68 கிலோவுக்குள், இருக்க வேண்டும். உங்களுக்கு 80 வருகிறது. முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதிகள்) மூட ஐந்து வயதுக்கு மேல் ஆகும். இப்போதைக்கு லேசான ஆள் ஏறட்டும், நீங்கள் தரையிலிருந்து பழக்குங்கள்.

மணல்மேடை:
கயிற்றைக் கடிவாள வளையத்தில் மாட்டுகிறீர்களா? அப்படியானால் கழற்றிவிட்டு, மூக்குப்பட்டையில் வளையம் உள்ள கேவசனில் மாட்டுங்கள். வட்டம் 18 முதல் 20 மீட்டர். சின்ன வட்டம் மூட்டுக்குக் கேடு. மொத்தம் 15 நிமிடம் போதும், சில நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள்.

உள்ளே சாயும்போது கயிற்றை இழுப்பதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. இழுத்தால் தலை உள்ளே வரும், கூடவே உடம்பும் வரும். கயிற்றைத் தளர்த்தாமல் சாட்டை நுனியைத் தோளுக்கு நேராக நீட்டுங்கள், அடிக்க வேண்டாம். நீங்கள் நிற்கும் இடம் வயிற்றுப்பட்டைக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். தோளுக்கு முன்னால் போனால் அது உங்களை மறிப்பதாக நினைத்து நிற்கும், இல்லையேல் திரும்பும். வலது பக்கம் நடையிலேயே சரியாகாமல் ட்ராட் (நடைக்கு அடுத்த வேகமான ஓட்டம்) கேட்காதீர்கள்.

கேண்டரும் இதே கோணல்தான். வலது கேண்டர் இடது பின்னங்காலில் தொடங்குகிறது. குதிரை வலது தோளில் சாய்ந்திருந்தால் அந்தக் கால் உடம்புக்கு அடியில் வராது. மூலை திரும்பும்போது ட்ராட்டிலிருந்து கேளுங்கள்: இடது காலை வயிற்றுப்பட்டைக்கு ஒரு கையகலம் பின்னால் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து. உள்ளே குனிந்து எந்தக் கால் வருகிறது என்று எட்டிப் பார்த்தாலே தப்பான கால் வந்துவிடும். வந்தால் திட்டாமல் ட்ராட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி கேளுங்கள்.

கொங்குசவாரி:
நன்றிங்க. கேவசன் வாங்கிடுறேன், டாக்டரையும் வரச் சொல்றேன். ஏறும்போது நடக்கிறதுக்கு?

லாடம்_கண்ணன்:
பல்லைப் பார்த்த பிறகு முதுகையும் பாருங்கள். முதுகெலும்பின் இருபுறமும் விரல் நுனியால் அழுத்திக்கொண்டே போங்கள். முதுகைத் தாழ்த்தினாலோ காதைப் பின்னால் மடக்கினாலோ சேணம் அழுத்துகிறது. வளர்கிற குதிரைக்குச் சில மாதத்திலேயே சேணம் பொருந்தாமல் போகும்.

வலி இல்லையென்றால் உறுதியான ஏறுமேடை வைத்துக்கொள்ளுங்கள். அங்கவடியில் கால் வை, உடம்பைச் சேணத்தின் மேல் லேசாகச் சாய், நின்றால் உடனே இறங்கிவிடு. அசைந்தால் இறங்காதீர்கள், நடந்தால் இறங்கலாம் என்று கற்றுக்கொள்ளும். நின்ற பிறகே இறங்குங்கள். நடுவே பூட்ஸ் முனை விலாவில் குத்துகிறதா என்று பாருங்கள். குத்தினால் அது முன்னே போ என்ற சைகைதானே! லகானை இறுக்கிப் பிடிக்காமல் பிடரி மயிரைப் பற்றிக்கொள்ளுங்கள்.

மணல்மேடை:
தீவனம் என்ன போடுகிறீர்கள்? கொள்ளும் கோதுமைத் தவிடும் அதிகம் என்றால் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள். வேலை குறைவாக, தீவனம் நிறைய என்றால் துள்ளல் எங்கே போகும்? தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. வளரும் எலும்புக்கு ஆகாது. குதிரைமசால் என்ற தீவனப்பயிரைக் கொஞ்சம் சேர்த்தால் அந்தக் குறை ஈடாகும்.