புதுப்பிப்பு: ப்ரீஆம்ப் எடுத்துவிட்டேன்

அப்பாவின் இசைத்தட்டுகளுக்கு நல்ல ஃபோனோ ஸ்டேஜ் (இசைத்தட்டு ஊசி தரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) உள்ள ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் வரும் பெட்டி) எது என்று போன மாதம் கேட்டிருந்தேன். கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கும் பகுதி) இன்னும் மெல்லிய சிக்னல் தரும் எம்.சி. (மூவிங் காயில்) வகைக்கான வசதியும் இருக்கட்டும் என்று பலர் சொன்னீர்கள். யோசித்து, வழக்கமான எம்.எம். (மூவிங் மேக்னட்) வகைக்கு மட்டும் வசதி உள்ளதையே எடுத்தேன். என் கார்ட்ரிட்ஜ் எம்.எம். வகையான ஆடியோ டெக்னிக்கா விஎம்95ஈ. அது தரும் 4 மில்லிவோல்ட்டுக்கு 40 டெசிபல் பெருக்கம் தாராளம். மிச்சக் காசுக்கு இசைத்தட்டு வாங்கலாம்.

நான் முதலில் கவனிக்காமல் விட்டது கொள்ளளவத்தை (கப்பாசிட்டன்ஸ்: வயரும் ப்ரீஆம்பும் மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு). இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 பிக்கோபரட் வரைதான் நல்லது, வயரும் அந்தக் கணக்கில் சேரும். பழைய நீள வயரில் வயலின் காதைக் குத்தியது. குட்டை வயர் போட்டதும் வில் நரம்பில் உரசுவதே தனியாகக் கேட்கிறது!

அப்புறம் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்த 'ம்ம்ம்' இரைச்சல். ப்ரீஆம்பில் பிழை இல்லை. எர்த் வயரின் நுனி வெள்ளவத்தைக் கடற்காற்றில் பச்சை பிடித்திருந்தது. கத்தியால் சுரண்டி, திருகை இறுக்கினேன். சட்டென்று அமைதி.

நேற்றிரவு அம்மா குசினியிலிருந்து வந்து, ஒரு பக்கம் முழுவதும் இருந்து கேட்டார். தட்டை நானே திருப்பிப் போட்டேன்.