சத்தம் போடும் ஃபானுக்கு ஒயில் விடுவதா, புதிது போடுவதா?

உரும்பிராயான்:
ஏழு வருடப் பழைய கொம்பியூட்டர். காலையில் போட்டவுடன் கரகரவென்று கத்துகிறது, பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. டவுனில் ஒரு கடையில் கேட்டால் "பழசு, புதுசாய் ஒண்டு வாங்குங்கோ" என்கிறார்கள். ஒரு சத்தத்துக்காக முழுப் பெட்டியையும் மாற்ற மனமில்லை. ஃபானை மட்டும் மாற்றினால் போதாதா?

பழைய ரேடியோ:
தம்பி, ஃபானைக்கூட மாற்றத் தேவையில்லை. நடுவில் உள்ள ஸ்டிக்கரை மெல்லக் கிளப்பினால் தண்டின் முனை தெரியும், சிலதில் ரப்பர் மூடி ஒன்று இருக்கும். தையல் மெசின் ஒயில் இரண்டே சொட்டு. துடைத்துவிட்டு ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுங்கள். என்னுடையது அப்படித்தான் மூன்று வருடமாக ஓடுகிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், மார்கழியில் போத்தலுக்குள்ளேயே உறைகிற சாமான் அது.

ஸ்குரூ டிரைவர்:
அண்ணை, தப்பாக நினைக்காதீர்கள், அது தவணை வாங்குவதுதான். போட்டவுடன் கத்தி, சூடேறியதும் அடங்கினால் பெரும்பாலும் கிரீஸ் காய்ந்து, தண்டைத் தாங்கும் பெயரிங் தேயத் தொடங்கிவிட்டது. தேய்ந்த உலோகம் ஒயிலில் வளராது. மூன்று வருடம் என்கிறீர்களே, அதற்குள் எத்தனை தரம் ஒயில் விட்டீர்கள்?

பழைய ரேடியோ:
ஆறு மாதத்துக்கு ஒரு தரம். சைக்கிள் செயினுக்கு விடுவதில்லையா?

ஸ்குரூ டிரைவர்:
சைக்கிள் நின்றால் உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கொம்பியூட்டரின் மூளையான பிராசசரின் ஃபான் நின்றால் சூடேறி, வேகம் குறைந்து, கடைசியில் பெட்டி தானே அணையும். சேமிக்காத வேலையை யார் திருப்பித் தருவது?

குருநகர்க் காற்று:
எந்த ஃபான் கத்துகிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லையே! பிராசசர் மேல் ஒன்று, பெட்டியின் பின்பக்கம் ஒன்று, பவர் சப்ளைக்குள் ஒன்று. பக்கத் தகட்டைக் கழற்றி, சத்தம் வரும்போது பென்சில் ரப்பரால் நடுக் குமிழை ஒரு நொடி அமர்த்துங்கள். சத்தம் நின்றால் கள்ளன் அவன்தான். பவர் சப்ளையைத் திறக்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

அதோடு உங்கள் பக்கம் சோளகக் காற்று அடித்தால் செம்மண் முழுக்க வீட்டுக்குள்தான். முதலில் பிறஷால் தட்டுங்கள். காற்று அடிப்பதென்றால் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சும்மா விட்டுச் சுழற்றினால் பெயரிங்குக்குத்தான் கேடு.

உரும்பிராயான்:
ரப்பர் வேலை செய்தது. பின்பக்க ஃபான்தான். தூசு தட்டியும் சத்தம் போகவில்லை, ஆகவே புதிது. ஸ்கேலால் அளந்தேன், ஆணித் துவாரங்களுக்கு இடையில் எட்டு சென்ரிமீற்றரும் கொஞ்சமும். 80 மில்லிமீற்றர் வாங்கலாம்தானே?

ஸ்குரூ டிரைவர்:
நில்லுங்கள்! ஃபானை விளிம்புக்கு விளிம்பு அளக்க வேண்டும். துவாரத் தூரம் 82.5 என்றால் அது 92 மில்லிமீற்றர் ஃபான், 80இல் துவாரங்கள் 71.5 தூரத்தில் இருக்கும். இதில் ஏமாந்து இரண்டாம் தரம் கடைக்கு நடந்தவன் நான். பூட்டும்போது ஸ்டிக்கரும் சட்டக் கம்பிகளும் உள்ள பக்கம் வெளியே பார்க்க வேண்டும், காற்று அந்தப் பக்கத்தால்தான் போகும்.

உரும்பிராயான்:
92தான். மாற்றிவிட்டேன். கரகரப்பு இல்லை, ஆனால் இப்போது ஓயாமல் "ஊ" என்று இரைகிறது. இதற்கா காசு கொடுத்தேன்?

பழைய ரேடியோ:
நான் சொன்னேனே.

ஸ்குரூ டிரைவர்:
பொறுங்கள் அண்ணை. தம்பி, வயர் முனையில் எத்தனை துவாரம்? மூன்று என்றால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் நாலாவது வயர் அதில் இல்லை, மதர்போட்டின் நாலு பின் இடத்தில் அது முழு வேகத்தில் ஓடக்கூடும். பயோசுக்குள், அதாவது பெட்டியைப் போட்டவுடன் திறக்கக்கூடிய செற்றிங் திரைக்குள் போய், ஃபான் கட்டுப்பாட்டை டிசி (வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் முறை) என்று மாற்றிப் பாருங்கள்.

உரும்பிராயான்:
மூன்றுதான். மாற்றினேன், அடங்கிவிட்டது. இப்போது சுவர்க் கடிகாரம் கேட்கிறது.

பழைய ரேடியோ:
சரி, சந்தோசம். பழைய ஃபானை எறிந்துவிடாதீர்கள். உரும்பிராய்ச் சந்திப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன், ஒயில் விட்டு ஓட்டிக் காட்டுகிறேன்.