அம்மாவுக்கு இணையவழி எடைக்குறைப்புத் திட்டம்: மூன்றில் எது நல்லது? (அவசரம்)

யீஷூன்_நித்யா:
வணக்கம். எடையைக் குறைக்க இணையவழித் திட்டம் ஒன்றில் சேர வேண்டும் என்று அம்மா விரும்புகிறார். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். முதலாவது கைப்பேசிச் செயலி. முதல் மாதம் 9 சிங்கப்பூர் வெள்ளி, பிறகு மாதம் 39 வெள்ளி. இரண்டாவது, சாப்பாட்டுக்குப் பதிலாக மாவைக் கரைத்துக் குடிக்கும் 12 வாரத் திட்டம். மொத்தம் 680 வெள்ளி. மூன்றாவதில் மருத்துவர் காணொளியில் பேசி ஊசிமருந்து எழுதித் தருவார். மாதம் 450 வெள்ளி ஆகுமாம். செலவு குறைவாகவும் ஆபத்து இல்லாமலும் இருப்பது எது? இரண்டாவதற்கான சலுகை இன்றிரவோடு முடிகிறது; விரைவில் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

மல்லிகா_உட்லண்ட்ஸ்:
அம்மாவின் வயது, உயரம், எடை என்ன? வேறு நோய் உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? இவை தெரியாமல் யாரும் பொறுப்புடன் பதில் சொல்ல முடியாது. சலுகைக்காக இன்றிரவு பணம் கட்டிவிடாதீர்கள், நித்யா. இத்தகைய சலுகைகள் பெரும்பாலும் திரும்ப வரும்.

தேக்கா_மாறன்:
என்னைக் கேட்டால் எந்தத் திட்டமும் தேவையில்லை. இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு, ஏழு மணிக்குள் இரண்டு சப்பாத்தியும் காய்கறியும் சாப்பிட்டு, புளோக்கைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தாலே போதும். நம்மவர்களின் எடைக்கு இரவுச் சோறுதான் காரணம் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆய்வாளன்_65:
இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. மாதக் கட்டணத்தை வைத்து ஒப்பிடுவது தொடக்கநிலைத் தவறு. ஓராண்டுக்குக் கணக்கிட்டால் செயலிக்கு 438 வெள்ளியும் ஊசிக்கு 5,400 வெள்ளியும் ஆகின்றன. 9 விழுக்காடு பொருள், சேவை வரி அதில் அடங்குகிறதா, சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாவுத் திட்டம் செயலியைவிடச் செலவு கூடினாலும் 12 வாரத்தில் முடிந்துவிடுவதால் அதுவே கணக்குக்கு உகந்தது. ஊசியோ உழைக்காமல் மெலிய நினைப்பவர்களுக்கானது.

கதிர்_தெம்பனிஸ்:
ஐயா, கடைசி வாக்கியத்தை ஏற்க முடியாது. 2021இல் வெளியான ஆய்வில் வாரம் ஒருமுறை செமாகுளுடைட் ஊசி போட்டவர்கள் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தனர். மருந்தில்லா ஊசி பெற்றவர்கள் 2.4 விழுக்காடுதான் குறைந்தனர். இரு பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை வழங்கப்பட்டது. எனவே, இதைச் சோம்பல் என்று சொல்வது நோயாளிகளைப் புண்படுத்தும்.

ஆய்வாளன்_65:
ஆய்வின் தொடர்ச்சியையும் படித்திருக்க வேண்டும், தம்பி. ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்குத் திரும்பிவிட்டது. அப்படியானால் 5,400 வெள்ளி ஒரே ஆண்டோடு நிற்கப்போவதில்லை.

கதிர்_தெம்பனிஸ்:
இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தான் செய்யும். அதனால் அந்த மாத்திரை வீண் என்று யாரும் சொல்வதில்லை. செலவு தொடரும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

யீஷூன்_நித்யா:
வேலையில் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. வயது 56, உயரம் 158 செண்டிமீட்டர், எடை 74 கிலோ. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிப்பிசைடும் சாப்பிடுகிறார். இரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை உண்டு. மாவுத் திட்டத்தில் நாளொன்றுக்கு 800 கலோரி என்று போட்டிருக்கிறது. சேரும்போது மாத்திரைகளைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

மருந்தாளர்_சரோஜா:
நித்யா, தயவுசெய்து அந்த மாவுத் திட்டத்தை இப்போது தொடங்க வேண்டாம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிப்பிசைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்யும். வழக்கமான அளவில் அதை விழுங்கிக்கொண்டே 800 கலோரிக்கு இறங்கினால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், குழப்பம், மயக்கம் வரை போகலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து மிகக் குறைவு. எடை குறையும்போது அழுத்த மாத்திரையின் அளவும் மிகுதியாகி, எழுந்து நிற்கையில் தலைசுற்றலாம்.

இம்முறையே தவறு என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 2017இல் முடிவு வெளியான டைரக்ட் ஆய்வில், 825 முதல் 853 கலோரி வரையிலான இத்தகைய உணவைக் கொடுத்து, ஓராண்டில் 46 விழுக்காட்டினரின் நீரிழிவைத் தணித்தார்கள். ஆனால், அங்கே முதல் நாளிலேயே நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்தினார்கள். மருத்துவக் குழு தொடர்ந்து கண்காணித்தது. உங்கள் 680 வெள்ளியில் அந்தக் கண்காணிப்பு இல்லை. அதனால்தான் அது ஊசியைவிட மலிவாகத் தெரிகிறது.

உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் உடல் எடைக் குறியீடு அம்மாவுக்கு ஏறக்குறைய 29.6 வருகிறது, சிங்கப்பூரில் 27.5க்கு மேல் அதிக ஆபத்துப் பிரிவு. அவர் வழக்கமாகச் செல்லும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்), மாத்திரைகளை மாற்றியமைக்கவும் உணவியல் நிபுணரிடம் அனுப்பவும் கேளுங்கள். ஊசி பொருந்துமா என்பதையும் அதே மருத்துவர் சொல்லட்டும். அதுவரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

ஆய்வாளன்_65:
நீரிழிவு இருப்பதை முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன்.

தேக்கா_மாறன்:
மாவோ ஊசியோ, இரவுச் சோற்றை நிறுத்துவதில் தவறில்லையே?

மருந்தாளர்_சரோஜா:
கிளிப்பிசைடு சாப்பிடுகிறவர் ஒரு வேளைச் சோற்றைத் திடீரென்று விடுவதும் அதே ஆபத்துதான், மாறன். உங்கள் சப்பாத்தியை விட்டுவிடாமல் இருந்தால் அந்த யோசனையில் பழுதில்லை. நித்யா, இணையத்தில் விற்கும் மெலியவைக்கும் மாத்திரைகள் பக்கமும் போக வேண்டாம். 2010இல் இங்கு விலக்கிக்கொள்ளப்பட்ட எடைக்குறைப்பு மருந்தான சிபுட்ரமின் அவற்றில் சிலவற்றில் கலந்திருப்பதாகச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

மல்லிகா_உட்லண்ட்ஸ்:
செயலியில் சேர்ந்தாலும், எப்போது விலகலாம், மீதிப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நடைக் கணக்குக்கு மட்டும் என்றால், சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்த்தி 365 செயலி இலவசம்.

யீஷூன்_நித்யா:
நன்றி. பணம் கட்டவில்லை. மருந்தகத்தில் முன்பதிவு செய்துவிட்டோம்.

மல்லிகா_உட்லண்ட்ஸ்:
கிளிப்பிசைடு அளவைப் பற்றி மருத்துவர் என்ன சொன்னார் என்று பிறகு எழுதுவீர்களா? என் மாமியாரும் அதையேதான் சாப்பிடுகிறார்.