சீல் கிட் மாற்றத்தானே கொடுத்தேன்? சிலிண்டர் வேலையில் பில் ஏறிய கதைகள்

மஞ்சள் வண்டி:

என்னிடம் இருப்பது 20 டன் பொக்லைன். அதன் கையை மடக்கி நீட்டும் ஹைட்ராலிக் சிலிண்டரில், அதாவது ஆர்ம் சிலிண்டரில், ராடு வழியாக ஆயில் கசிய ஆரம்பித்தது. முதலில் ராடு ஈரமாகத் தெரிந்தது, அப்புறம் சொட்டியது, பத்தே நாளில் தினமும் காலையில் டேங்கில் ஆயில் ஊற்றாமல் வேலை தொடங்க முடியாது என்ற நிலை. சீல் கிட், அதாவது ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்களின் செட், மாற்றினால் சரியாகிவிடும் என்று கழற்றிப் பட்டறையில் இறக்கினேன். மதியமே போன். "ராடுல குரோம் உரிஞ்சிருக்கு, கிளாண்ட் புஷ் தேஞ்சிருக்கு, பேரல்ல கோடு விழுந்திருக்கு. என்ன பண்ணலாம்?" கிளாண்ட் என்பது ராடு வெளியே வரும் பக்கத்து மூடி, புஷ் அதற்குள் ராடைத் தாங்கும் வளையம், பேரல் சிலிண்டரின் குழாய். பிரித்துப் போட்டுவிட்டுக் கேட்டால் என்ன சொல்வது? செய்யுங்கள் என்றேன். வந்த பில், நான் மனசுக்குள் போட்டு வைத்திருந்த கணக்கைப் போல நான்கு மடங்கு. அதில் சீல் கிட்டின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. இன்னும் பணம் கட்டவில்லை. ஏமாந்துவிட்டேனா, இல்லை இந்த வேலையே இப்படித்தானா?

லேத்துக்காரர்:

பில்லைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் நான்கு மடங்கு என்பது நடக்கிற விஷயம்தான். பட்டறைக்காரன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

சீல் தானாகச் சாவது குறைவு. ராடில் ஒரு கல் பட்டுக் கடுகளவு குரோம் பெயர்ந்தால் போதும், ராடு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்த விளிம்பு சீலின் உதட்டை அறுக்கும். ராடை அப்படியே விட்டுப் புது சீல் போட்டால் சீக்கிரமே திரும்ப வருவீர்கள். நான் விரல் நகத்தை ராடின் மேல் வைத்து மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். நகம் தட்டினால் பாலிஷில் போகாது.

குரோம் அடிப்பது பெயிண்ட் அடிப்பது போல இல்லை. பழைய குரோமை எடுக்க வேண்டும், அடியில் துரு தின்ற குழி இருந்தால் வெல்டிங் வைத்து நிரப்ப வேண்டும், கிரைண்டிங் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் தொட்டியில் முலாம். மறுபடியும் கிரைண்டிங், பாலிஷ். இத்தனைக்கும் கடைசியில் ராடில் நிற்கும் குரோம் பெரும்பாலும் 20 முதல் 50 மைக்ரான், தலைமுடிக் கனம்கூட இருக்காது. நீங்கள் காசு கொடுப்பது முலாமுக்கு இல்லை, மிஷின் ஓடிய நேரத்துக்கு. குரோம் போட்ட புது ராடையே வாங்கி அளவுக்கு வெட்டி, மரை போட்டு, முனையில் பின் நுழையும் பழைய கண்ணைப் பற்றவைப்பது சில சமயம் மலிவாக முடியும். அதை ராடின் விட்டமும் நீளமும்தான் முடிவு செய்யும்.

பேரலில் லேசான கோடு என்றால் ஹோனிங்கில், அதாவது உள்சுவரைக் கல்லால் தேய்த்து எடுப்பதில், போகும். ஆழமாக இருந்தால், ஹோன் பிடிக்கப் பிடிக்க உள்விட்டம் பெரிதாகி, கிட்டில் வரும் சீல் அந்த இடைவெளியில் பிதுங்கிக் கிழியும். அப்போது புது டியூப்தான். மொத்தச் செலவு புது சிலிண்டர் விலையில் பாதியைத் தாண்டினால் நான் பழுது பார்க்கவே சொல்வதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த அளவு சிலிண்டரில் ராடின் உள்முனையில் பிஸ்டனைப் பிடித்திருக்கும் நட்டை ஆயிரக்கணக்கான நியூட்டன் மீட்டர் டார்க்கில் இறுக்க வேண்டும். அதற்கென்று பெஞ்ச் வைத்திருப்பவர் கூலி அதிகம் கேட்பார். ஸ்பானரில் பைப்பை மாட்டி நாலு பேர் தொங்கி இறுக்கும் இடத்தில் கம்மியாகத்தான் இருக்கும். அப்படி இறுக்கிய நட் கழன்று, ராடு மட்டும் வெளியே வந்து பிஸ்டன் உள்ளேயே நின்றுபோனதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் பட்டறையின் தப்பு என்று எனக்குப் படுவது ஒன்றுதான். பிரித்து அளவெடுத்த பிறகு, என்னென்ன கெட்டிருக்கிறது என்று படத்தோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். போன் பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

டிப்பர் வைத்திருப்பவன்:

எனக்கு பில் வலிக்கவில்லை, காத்திருந்த நாட்கள்தான் வலித்தது. சிலிண்டர் வேலை மூன்று நாளில் முடிந்திருக்கும். குரோம் போடும் இடத்தில் வரிசை, அதில் ஒன்பது நாள் போனது. லோன் தவணை அதற்காகக் காத்திருக்குமா? இப்போதெல்லாம் விலை கேட்பதற்கு முன்னால் குரோம் எங்கே போகிறது, எத்தனை நாள் என்றுதான் கேட்கிறேன்.

பழைய ஆபரேட்டர்:

நான் காசைக் கொட்டியது வேறு மாதிரி. பூம், அதாவது வண்டியோடு சேரும் பெரிய கை, தானாக இறங்கிக்கொண்டிருந்தது. தூக்கி நிறுத்தி இஞ்சினை அணைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தால் பக்கெட் தரையைத் தொட்டிருக்கும். பிஸ்டன் சீல் போய்விட்டது என்று மெக்கானிக் சொன்னார், நானும் தலையாட்டினேன். இரண்டு பூம் சிலிண்டரையும் கழற்றினோம். ஒரு பின் துருவேறி இறுகிப்போய், காஸ் வைத்துச் சூடேற்றி அடித்து எடுக்கவே ஒரு நாள் முழுக்க ஆனது. கிரேன் வாடகை தனி. கிட் போட்டு, மாட்டி, பூமைத் தூக்கி இஞ்சினை அணைத்தேன். பக்கெட் முன்பு இறங்கிய அதே வேகத்தில் இறங்கியது.

அப்புறம் ஒரு பெரியவர் வந்து விளக்கினார். ராடு உள்ளே வர வேண்டும் என்றால் அதன் பருமன் அளவுக்கு ஆயில் சிலிண்டரை விட்டு வெளியேற வேண்டும். இரண்டு பக்கமும் வால்வில் சரியாக அடைபட்டிருந்தால், பிஸ்டன் சீல் மோசமாக இருந்தாலும் ராடு அவ்வளவு தூரம் இறங்க வழியில்லை. அப்படியானால் ஆயில் வால்வு வழியாகத்தான் போகிறது. பிரித்துப் பார்த்தால் பூமை இறங்காமல் பிடித்து வைக்கும் ஹோல்டிங் வால்வின் சீட்டில் ஒரு உலோகப் பொடி, குண்டூசித் தலை அளவுகூட இல்லை. துடைத்து மாட்டியதும் பூம் நின்றது.

பக்கெட், ஆர்ம் சிலிண்டரில் பிஸ்டன் சீலைக் கழற்றாமலே சோதிக்கலாம். பக்கெட்டைத் தரையில் உட்காரவைத்து, ராடை முழுக்க நீட்டி, இஞ்சினை அணைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, ராடு பக்க ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ராடை நீட்டும் பக்கமே லீவரை மெதுவாகப் பிடியுங்கள். சிலிண்டரில் ஹோஸ் கழற்றித் திறந்திருக்கும் போர்ட்டில் ஆயில் நிற்காமல் வந்தால் சீல் போய்விட்டது. லேசாக வடிந்து நின்றுவிட்டால் சிலிண்டரைக் கழற்றாதீர்கள், வால்வைப் பாருங்கள். அந்தப் போர்ட்டுக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. ஹோஸில் கசிவு எங்கே என்று கையை வைத்தும் தடவிப் பார்க்காதீர்கள். 300 பார் அழுத்தத்துக்கு மேல் ஓடும் ஆயில், ஊசித் துளை வழியாக வந்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

கைவேலை:

செலவை மிச்சம் பிடிக்க நானே பிரித்தேன். கிளாண்ட் வராததால் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்தேன். ராடு கிளாண்டோடு பறந்துபோய்ச் சுவரில் இடித்தது. எதிரில் யாரும் இல்லாதது என் அதிர்ஷ்டம். ராடும் வளைந்தது. இப்போது பட்டறையில்தான் கொடுக்கிறேன்.

லேத்துக்காரர்:

மஞ்சள் வண்டி அண்ணே, பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முக்கியமாக அந்தக் கிளாண்ட் புஷ். சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறதா, இல்லை ஒரு பக்கம் மட்டுமா?

மஞ்சள் வண்டி:

இன்று நேரில் போய்ப் பார்த்தேன். புஷ் ஒரு பக்கம் தடியாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் பிளேடு மாதிரி மெலிந்துவிட்டது. ராடு வளைந்திருந்ததாம். வி‑பிளாக்கில் வைத்து வளைவைக் காட்டும் டயல் கேஜில் சுற்றிப் பார்த்த அளவைக் குறித்து வைத்திருந்தார்கள். பில்லில் 'ராடு நிமிர்த்துதல்' என்று ஒரு வரி இருந்தது. அதை வீண் செலவு என்று நினைத்து அதற்காகத்தான் சண்டை போடப் போயிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் இன்னொரு வரி இடித்தது. கிளாண்ட் முழுசாக மாற்றியதாக பில். சிலிண்டரில் மாட்டியிருப்பதில் பழைய ஸ்பானர் அடி அப்படியே இருக்கிறது. புஷ் மட்டும்தான் புதுசு. விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு நிமிடம் ஏட்டைப் புரட்டிவிட்டு அந்தத் தொகையை பில்லிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாளைக்கு மாட்டுகிறேன்.