ஒரு வருசம் சத்தமில்லாத உறுப்பினரை நீக்குவதா, வைத்திருப்பதா?

கல்லடி_ரூட்

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டையும் சேர்த்து நடக்கிற நம்முடைய திறமூலக் (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) குழுவுக்கு ஒரு விதி முன்மொழிகிறேன். தமிழாக்கம், வெள்ள வரைபடம், சின்னச் சின்னக் கருவிகள் என்று வேலை மூன்று வகை. உறுப்பினர் பட்டியல் ஒன்றுதான். 12 மாதம் பங்களிப்பு இல்லாதவருக்கு 30 நாள் முன்னறிவித்தல் கொடுத்து, கிட்ஹப் (நம்முடைய நிரல் கோப்புகள் இருக்கும் தளம்) கணக்கு, வாக்காளர் பட்டியல், வட்ஸ்அப் குழு மூன்றிலிருந்தும் நீக்குவது. முன்மொழிவு இவ்வளவுதான்.

காரணம் இரண்டு. முதலாவது சாவி, அதாவது உள்நுழையும் உரிமை. பைத்தான் நிரல்மொழிக்கான பொதிகள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) இருக்கிற பைபிஐ தளத்தில் சிடிஎக்ஸ் என்றொரு பொதி 2014 டிசம்பருக்குப் பிறகு கைபடாமல் கிடந்தது. பராமரித்தவரின் மின்னஞ்சல் அவருடைய சொந்த டொமைனில் (இணையப் பெயர்) இருந்தது, அந்த டொமைன் காலாவதியாகிப் போனது. 2022 மே மாதம் வேறொருவர் அதே டொமைனை வாங்கி, கடவுச்சொல் மீட்கும் மடலைத் தனக்கு வரவைத்து உள்ளே புகுந்து, கணினியின் சூழல் மாறிகளை (சாவி, கடவுச்சொல் போன்றவை இருக்கக்கூடிய அமைப்புகள்) திருடும் பதிப்பை ஏற்றிவிட்டார். எந்தப் பூட்டையும் அவர் உடைக்கவில்லை.

இரண்டாவது கோரம், அதாவது தீர்மானம் செல்ல வரவேண்டிய குறைந்தபட்ச ஆள் தொகை. யாப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று இருக்கிறது. பட்டியலில் 60 பேர் என்றால் 20 பேர் வேண்டும். வேலை செய்கிறவர்கள் 15 பேர் என்றால், அந்த 15 பேரும் ஒரே கருத்தோடு வந்து உட்கார்ந்தாலும் ஒரு தீர்மானமும் நிறைவேறாது.

தறிநூல்

பங்களிப்பு என்று எதை எண்ணப் போறீங்க? கிட்ஹப்பில கமிட் (பதிஞ்ச மாற்றம்) போட்டு, பேருக்குப் பக்கத்தில பச்சைக் கட்டம் விழுந்தாத்தான் கணக்கா?

வெப்லேட் தமிழாக்கத் தளத்தில ஒருவர் 300 சரங்களை (மொழிபெயர்த்த வரிகள்) ஒவ்வொன்றாப் பார்த்து, பிழை திருத்தச் சொல்லி, சரியானதை அங்கீகரிச்சு விடுறார் என்று வைங்க. கமிட் மொழிபெயர்த்தவர் பேரிலதான் போகும், மீளாய்வு செய்தவர் பேர் அதில வராது. மொழிபெயர்த்தவருக்கும் நிச்சயமில்ல. வெப்லேட்டில கொடுத்த மின்னஞ்சலை அவர் தன்ட கிட்ஹப் கணக்கில சேர்க்காம விட்டிருந்தா அந்தக் கமிட் அவர் கணக்கில காட்டாது.

வரைபடம் இன்னும் மோசம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில எந்தத் தாம்போதி (தாழ்பாலம்) முதல்ல மூழ்கும், எந்த மதகு போன மாரியில உடைஞ்சது என்று குரல்பதிவில சொல்றவர் ஒருவர். அதைக் கேட்டு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில குறிக்கிறவர் வேறொருவர். அங்க பதிவாகிற மாற்றத் தொகுதியில குறிச்சவர் பேர்தான் இருக்கும். உங்கட விதிப்படி, இடம் தெரிஞ்ச ஆள் வெளிய, தட்டச்சுத் தெரிஞ்ச ஆள் உள்ள.

கல்லடி_ரூட்

எண்ணுவதில் சிக்கல் இருப்பது உண்மை. ஆனால் எண்ண முடியாது என்பதற்காக விதியே வேண்டாம் என்று ஆகாது. எண்ணாமல் கேட்கலாமே. உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம் ஒன்று) உறுப்புரிமை 2 வருடத்தில் காலாவதியாகும், விரும்பினால் புதுப்பிக்கலாம். ஜினோம் (லினக்ஸ் திரைமுகம்) அறக்கட்டளையிலும் 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் அறக்கட்டளையில் காசு கட்டாமல் சேர விரும்பும் வரைவாளர் ஒரு வருடத்தில் 42 நாளாவது வரைந்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் யாரும் அவமானமாக எடுப்பதில்லை.

படுவான்

அந்த 42 நாள் கணக்கை நம்முடைய குரல்பதிவு ஆட்களுக்குப் போட்டால் ஒருவரும் தேறமாட்டார். அதை விடுவோம்.

பாதுகாப்பு என்று சொன்னீர்களே ரூட் அண்ணன், 2024இல் எக்ஸ்இசட் விவகாரம் என்ன சொன்னது? எக்ஸ்இசட் என்பது பல லினக்ஸ் விநியோகங்களில் (லினக்ஸ் இயங்குதள வகைகள்) இருக்கும், கோப்புகளைச் சுருக்கும் பொதி. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தவர் சும்மா இருந்த உறுப்பினர் இல்லை. வருடக்கணக்கில் ஒழுங்காக வேலை செய்து, நம்பிக்கை சம்பாதித்து, இணைப் பராமரிப்பாளராக வந்தவர். உங்கள் 12 மாதச் சோதனையில் முதல் மாணவனாகத் தேறியிருப்பார்.

அதைவிட முக்கியம், அவர் எப்படி உள்ளே வந்தார் என்பது. 2022இல் மடற்குழுவில் முன்பின் தெரியாத பெயர்களில் சிலர் வந்து, திட்டம் மெதுவாகப் போகிறது, பராமரிப்பாளருக்கு ஆர்வமில்லை, வேறு ஆளைப் போடு என்று அடுத்தடுத்து நெருக்கினார்கள். களைத்துப் போயிருந்த தனி மனிதர் இடம் கொடுத்தார். பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்ததும் எஸ்எஸ்எச் (தூரக் கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை விநாடி பிந்துவதைக் கவனித்ததால்தான். 'வேலை செய்யாதவனை மாற்று' என்ற கூச்சலே அங்கே ஆயுதமாக இருந்தது. அதை நாம் யாப்பில் விதியாக எழுதி வைக்கப் போகிறோமா?

கோரத்துக்கும் ஆளை வெட்டத் தேவையில்லை. டெபியன் லினக்ஸ் குழுவின் யாப்பைப் பாருங்கள். உறுப்பினர் தொகையின் வர்க்கமூலத்தில் பாதி, அதை மூன்றால் பெருக்கு. 1000 பேர் என்றால் 48 வாக்குப் போதும். நம்முடைய 60 பேருக்கு வர்க்கமூலம் 7.75, பாதி 3.87, மும்மடங்கு 11.6, ஆக 12 பேர். பட்டியல் நீண்டாலும் கோரம் அதே வேகத்தில் ஏறாது.

வாவிக்கரை

ஒரு பக்கத்தால படுவான் சொல்றது சரி. மற்றப் பக்கத்தால, 12 பேர் சேர்ந்து 60 பேருக்கு முடிவெடுத்தா நாளைக்கு அந்த 48 பேரில ஒருத்தர் வந்து 'எனக்குத் தெரியாம செய்திட்டீங்க' எண்டு சண்டை பிடிப்பாரு. சண்டை பிடிக்க மட்டும் எல்லாருக்கும் நேரம் கிடைக்கும்.

வட்ஸ்அப்ப விடுங்க. நீக்கினா குழு முழுக்க இன்னார் இன்னாரை நீக்கிட்டார் எண்டு விழும். கட்டாரில 12 மணித்தியால ஷிப்ட் அடிக்கிற மனுசன் அதைப் பார்த்தா மறுகா இந்தப் பக்கம் தலை வச்சும் படுக்கமாட்டான். 120 நாள் பாவிக்காத கணக்கை வட்ஸ்அப்பே அழிச்சிடும், நாம முந்தத் தேவையில்ல. கவனிக்க வேண்டியது அவங்கட பழைய சிம். ரீலோட் போடாமக் கிடந்தா அந்த நம்பர் வேற ஆளுக்குப் போகும். குழுக் கணக்கொண்டுக்கு மீட்பு நம்பரா அதைக் குடுத்திருந்தா எஸ்எம்எஸ் கோட் அந்தப் புது ஆளுக்குத்தான் போகும்.

ஒலுவில்காத்து

நீக்குறதா இல்லையா எண்டதுக்கு முன்னுக்கு, நீக்கினா என்ன உடையும் எண்டு பார்த்தீங்களா?

கிட்ஹப்பில நேரம் குறிச்சு ஓடுற வேலைகள் இருக்கு, இரவுக்கிரவு தரவு இழுக்கிறது போல. அந்த நேர வரியைக் கடைசியா மாத்தி கமிட் பண்ணின ஆளை நிறுவனக் கணக்கில இருந்து எடுத்தா கிட்ஹப் அந்த வேலையை முடக்கிடும். ரெண்டு கிழமைக்குப் பிறகு வரைபடம் ஏன் பழசாக் கிடக்கு எண்டு தேடுவோம். முதல்லயே இருக்கிற ஆள் ஒருத்தர் அந்த நேர வரியை மாத்தி கமிட் பண்ணி வைக்கணும். எந்தக் கோப்பை யார் மீளாய்வு செய்யணும் எண்டு சொல்ற கோட்ஓனர்ஸ் கோப்பிலயும் தனி ஆள் பேர் இருந்தா, எழுதும் உரிமை போனதும் அந்த வரி செல்லாது, மீளாய்வுக்கு யாருக்கும் அழைப்புப் போகாது. ஆள் பேருக்குப் பதிலா அணிப் பேர் போடுங்க, அந்த அணிக்கு எழுதும் உரிமையும் குடுங்க. அவர்ட தனிப்பட்ட டோக்கனை (நிரல் உள்நுழையிற சாவி) வச்சு ஓடுற தானியங்கி ஏதும் இருந்தா அதுவும் நிக்கும். தனியார் ரெப்போவை (கோப்புக் களஞ்சியம்) அவர் ஃபோர்க் பண்ணி, அதாவது தனக்கொரு பிரதி எடுத்து வச்சிருந்தா அந்தப் பிரதி அழியும். மூணு மாசத்துக்குள்ள திரும்பச் சேர்த்தா பழைய உரிமைகளை மீட்கலாம், பிந்தினா எல்லாம் முதல்ல இருந்து.

மறுபக்கம், கிட்ஹப்பில எடுத்திட்டா எல்லாம் பூட்டியாச்சு எண்டும் நினைக்க வேணாம். சேர்வரில அவர்ட எஸ்எஸ்எச் சாவி அப்படியே கிடக்கும், அதைப் போய்க் கையால அழிக்கணும். டெலிகிராம் பொட் டோக்கன், டொமைன் பதிவு எல்லாம் தனித்தனிக் கதை.

கூகுள் டிரைவ் கோப்புகளைக் கேக்கவே வேணாம். 2 வருசம் பாவிக்காத தனியாள் கணக்குகளை 2023 டிசம்பரில இருந்து கூகுள் அழிக்கத் தொடங்கிட்டு. உரிமை மாத்தம் உரிமையாளர்தான் ஆரம்பிக்கணும். ஆளை முதல்ல நீக்கிட்டு, பிறகு 'நானா, அந்த ஷீட்ட மாத்தித் தாங்க' எண்டு கேக்கப் போறது யாரு?

தறிநூல்

ஒலுவில் நானா சொல்ற ஒழுங்குதான் எனக்கும். சாவியைச் சீக்கிரமே எடுங்க, 12 மாசம் கூடத் தேவையில்ல, 6 மாசம் போதும். கேட்டா ரெண்டு நாளில திருப்பிக் குடுங்க. பேரை மட்டும் தொடாதீங்க. பைத்தான் மையக் குழுவில 2 வருசம் உருப்படியான பங்களிப்பு இல்லாதவரிடம் கேப்பாங்க, பதில் இல்லாட்டி 'செயலற்றவர்' பிரிவுக்கு மாத்துவாங்க. பேர் பட்டியலில இருக்கும். திரும்பி வேலை தொடங்கினா தானாகவே பழைய நிலைக்கு வரலாம்.

கல்லடி_ரூட்

அதே விதியில் அடுத்த வரியையும் சொல்லுங்கள், தறிநூல் ராத்தா. செயலற்ற நிலையில் கமிட் உரிமை மட்டுமல்ல, வாக்கும் போகும். நான் கேட்பதும் அதைத்தான். வட்ஸ்அப்பை விட்டுவிடுகிறேன், வாவிக்கரை சொன்னது நியாயம். வாக்கை விடமாட்டேன்.

படுவான்

வாக்கை எடுப்பதென்றால் முன்னறிவித்தல் மடல் போகும் நேரத்தையாவது பாருங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம், மின்வெட்டு. 2024 நவம்பரில் ஏ.எல் (உயர்தர) பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். அந்த மாதத்தில் 30 நாள் முன்னறிவித்தல் போட்டால் பதில் வராதது ஆளின் குற்றமா? நோன்பு மாதமும் அப்படியே. மடலை ஜூனில் அனுப்புங்கள், 60 நாள் கொடுங்கள், மின்னஞ்சலோடு தொலைபேசியிலும் ஒருமுறை கூப்பிடுங்கள்.

வாவிக்கரை

எல்லாம் சரி, ஒரு கேள்வி. வாக்கை எடுக்கிறதும் யாப்புத் திருத்தம், வர்க்கமூலக் கோரம் வைக்கிறதும் யாப்புத் திருத்தம். எதைச் செய்யவும் பழைய கோரப்படி 20 பேர் வேணுமே. அந்த 20 பேர் வராததாலதானே இந்தக் கதையே தொடங்கினது?

ஒலுவில்காத்து

திருத்தாமலே ஒரு வழி இருக்கு. தானா விலகுறதுக்கு எந்தத் தீர்மானமும் தேவையில்ல. 'இப்ப வேலை, வாக்குப் பட்டியலில இருந்து எடுத்துடுங்க, பேர் முன்னாள் பங்களிப்பாளர் பக்கத்தில இருக்கட்டும்' எண்டு 15 பேர் எழுதித் தந்தாப் போதும். பட்டியல் 45, கோரம் 15. மடலில அந்தத் தெரிவை முதல் வரியில வைங்க, பதிலுக்கு ஒரு சொல் போதும் எண்டும் எழுதுங்க. டிரைவ் உரிமை மாத்துறதையும் அதே மடலில கேட்டுடலாம்.

கல்லடி_ரூட்

பதிலே தராதவர்களை என்ன செய்வது என்பதை வேலை செய்கிற 15 பேரும் வந்து கோரம் நிறையும் கூட்டத்தில் நான் திரும்பக் கொண்டுவருவேன். மடலின் முதல் வரைவை யார் எழுதுகிறீர்கள்?