செப்டம்பர் பொன்நிற ரிப்பன்: பெற்றோர் கூட்டத்தில் என்ன சொல்வது?

கேள்வி:
குழந்தைப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதத்துக்காகப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கிடைத்திருக்கிறது. ரிப்பன் குத்துவதைத் தாண்டி உருப்படியாக என்ன சொல்லலாம்?

பதில்:
கண்ணிலிருந்து தொடங்குங்கள். ஃபிளாஷ் படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு. பூனைக்கண் போல வெள்ளையாக மின்னினால் விழித்திரைப் புற்றுநோயாக இருக்கலாம். மங்கலான அறையில், ‘ரெட் ஐ’ நீக்கும் வசதியை அணைத்துவிட்டு, குழந்தை கேமராவை நேராகப் பார்க்கும்படி மூன்று நான்கு படம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் விழித்திரையில் பார்வை நரம்பு சேரும் வெளிர் வட்டத்தில் ஒளி பட்டு நல்ல கண்ணும் வெளுத்துத் தெரியும். சந்தேகம் வந்தால் அந்த வாரமே கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த மாறுகண்ணும் அறிகுறிதான். படம் நன்றாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

பதில்:
ஸ்டீராய்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். விடாத காய்ச்சல், வெளிறல், இரவில் எலும்பு வலி இருக்கும் குழந்தைக்கு ரத்த அணுப் பரிசோதனை செய்யாமல் ஸ்டீராய்டு கொடுத்தால், ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாக மறைந்து, நோயை உறுதிசெய்யும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையே குழம்பிப்போகும். குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். சிறுநீரகக் கட்டியானால் உள்ளே உடையக்கூடும்.

பதில்:
ஆராய்ச்சிக்கும் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். பெரியவர்களின் புற்றுநோய்க்கான புது மருந்து குறிவைக்கும் மூலக்கூறு குழந்தைப் புற்றுநோயிலும் முக்கியமானதாக இருந்தால், அந்த மருந்தைக் குழந்தைகளிலும் ஆராய வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ரேஸ் சட்டம் (2017). இது 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் விடாமல் கேட்டதால் கிடைத்தது. உங்கள் எம்.பி.க்கு எழுதும் கடிதத்தில் இப்படி ஒரே ஒரு கோரிக்கை போதும். பத்து கேட்டால் ஒன்றும் நடக்காது.